பச்சைக்காரிக்கு அடியில் ஓடிய தண்ணீர்

சந்தேகப்படுவதற்கென்றே ஒரு மனிதருக்கு மாதாமாதம் சம்பளம் கொடுத்தார்கள். சொன்னால் நம்ப மாட்டீர்கள். அவரிடம் யாராவது சொல்லியிருந்தால் அவரும் நம்பியிருக்க மாட்டார்.

குடிநீர் அலுவலகத்தில் அவருக்கு வேலை. ஊருக்கு அடியில் போகும் குழாய்கள் எங்கே கசிகின்றன என்று காதால் கேட்டுச் சொல்ல வேண்டும். கருவி என்று பார்த்தால் ஆள் உயர இரும்புக் கம்பி ஒன்றுதான். கம்பியின் ஒரு முனையைத் தரையில் ஊன்றுவார். மறுமுனையில் ஒரு மரக்குமிழ் இருக்கும். அதில் வலது காதை அழுத்தி, கண்ணை மூடி, மூச்சையும் பாதியாக்கிக்கொண்டு நிற்பார். மண்ணுக்குள் குழாய் விரிசல் விட்டிருந்தால் 'உஸ்' என்று விடாத ஒரு சத்தம் கம்பி வழியே ஏறிவரும். உடனே செருப்புக் காலால் ஒரு கோடு கிழித்து, "தோண்டு" என்பார். தோண்டினால் தண்ணீர் பீய்ச்சியடிக்கும். புதுப்புது இயந்திரங்கள் அலுவலகத்துக்கு வந்து அலமாரியில் தூங்கின. இன்ஜினியர்கள் வந்தார்கள், மாற்றலாகிப் போனார்கள். 'கம்பிக்காது' என்ற அவருடைய பட்டப்பெயர் மட்டும் அப்படியே இருந்தது.

வேலையில் படிந்த குணம் வீட்டுக்கும் கூடவே வந்துவிட்டது. சமையல் எரிவாயு உருளை வந்தால் தூக்கிப் பார்ப்பார், ஆட்டிப் பார்ப்பார், கொண்டுவந்தவனின் முகத்தையும் பார்ப்பார். பாலை விரலில் தொட்டு நகத்தில் நிறுத்திப் பார்ப்பார். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தால் இரண்டு கடையில் காட்டி இரண்டும் ஒன்றுதானா என்று கேட்பார். கல்யாணப் படத்தில்கூட எல்லாரும் சிரித்துக்கொண்டிருக்க, அவர் மட்டும் படம் எடுப்பவரை முறைத்துக்கொண்டிருப்பார். "அந்தாளு பிலிமே போடாம எடுத்தான்னு அன்னிக்கெல்லாம் ஒரே புலம்பல். படம் வந்த பிறகும் நம்பலையே இவர்!" என்று அவர் மனைவி சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

மனைவிக்குப் பேக்கரி ஒன்றில் ரொட்டி அடுக்கும் வேலை. சிரித்த முகம், நல்ல மனுஷி. ஆனால் அவர்மீதும் கம்பிக்காதுக்கு ஒரு சந்தேகம் விழுந்திருந்தது. இத்தனை வருஷமும் தெருவில் நடக்கும்போது வலது பக்கமாக வந்தவர், கொஞ்ச காலமாக இடது பக்கத்துக்கு மாறியிருந்தார். கட்டிலிலும் அப்படித்தான். சாப்பாட்டு மேஜையிலும் நாற்காலியைச் சத்தமில்லாமல் இடது பக்கம் நகர்த்திக்கொண்டார். ஏன் என்று கேட்டதற்கு, "இந்தப் பக்கம் காத்து நல்லா வருதுங்க" என்றார். தெருவில்கூடவா இடது பக்கம் காற்று வரும்? அவர் அதை மனதில் முடிந்து வைத்துக்கொண்டார்.

இன்னொன்றும் இருந்தது. மனைவியின் தம்பி வீட்டுக்கு வந்தால் அக்காவும் தம்பியும் சமையலறையில் குசுகுசுவென்று பேசுவார்கள். இவர் தலை தெரிந்ததும் பேச்சு நின்றுவிடும். அக்கா பாத்திரத்தைத் துலக்க ஆரம்பிப்பார். தம்பி, "என்ன மாமா, சாப்டாச்சா?" என்பான். அதையும் இடது பக்கமாக வந்து நின்றுதான் கேட்பான்.

இந்த மச்சினன்மேல் அவருக்கு என்றைக்குமே நம்பிக்கை கிடையாது. அலங்கார மீன் விற்றான், கடை மூடிவிட்டது. பார்சல் கொண்டுபோய்க் கொடுத்தான், வண்டியைத் தொலைத்தான். எந்த வேலையும் அவன் கையில் ஒட்டியதில்லை. அப்படிப்பட்டவனுக்குத்தான் பேருந்து நிலையத்துக்கு எதிரே புதிதாக வைத்த சிலையைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது.

சிலை என்றால் கல்லோ வெண்கலமோ இல்லை. கம்பி வலையால் உருவம் செய்து, உள்ளே மண்ணடைத்து, மேலே உயிருள்ள செடிகளை நட்டு வளர்த்தது. பேருந்து நீளத்துக்கு ஒரு பெண், ஒரு கன்னம் தரையில் பட ஒருக்களித்துப் படுத்திருந்தாள். கூந்தலுக்குத் தொங்கும் கொடிகள், தோளுக்கு இறுக்கமான சின்ன இலைச் செடிகள், இடுப்பில் புல். வயிற்றுக்குள் ஒரு தண்ணீர்த் தொட்டி. அதை டேங்கர் வந்து நிரப்பும். அங்கிருந்து மெல்லிய குழாய்கள் உடம்பெங்கும் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடும். செய்தவர் வெளியூரிலிருந்து வந்த ஒரு பெண் கலைஞர். தலைமுடியை ஒட்ட வெட்டியிருப்பார், நகக்கண்ணில் எப்போதும் மண் இருக்கும். ஊர்க்காரர்கள் சிலைக்குப் பச்சைக்காரி என்று பெயர் வைத்தார்கள்.

திறப்பு விழா அன்றே கம்பிக்காது அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்து கலைஞரிடம் கேட்டார்.

"ஏம்மா, இது ஒட்டுக் கேக்குதா?"

"இல்ல சார், தூங்குறா."

"தரையில காதை வெச்சிருக்காளே?"

"தூங்குறவங்க அப்படித்தானே சார் படுப்பாங்க?"

ஊரே தூங்குகிறாள் என்றுதான் சொன்னது. அவருக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. தன் தொழிலை யாரோ இந்தப் பெண்ணிடம் சொல்லி, தன்னைக் கிண்டல் பண்ணத்தான் இப்படி ஒரு பொம்மையைப் பண்ண வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தார். யாரோ என்ன யாரோ, மச்சினன்தான்.

அந்த வருஷம் வெயில் கொளுத்தியது. குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர் வந்தது. அதுவும் நூல் மாதிரி வந்தது. பூங்காவில் புல் கருகி மண் தெரிந்தது. டேங்கர் எப்போது வருமோ, வராமலே போய்விடுமோ, யாருக்கும் தெரியாது. பச்சைக்காரி மட்டும் தளதளவென்று இருந்தாள். இடுப்பில் மஞ்சளாகப் பூ வேறு பூத்தது.

எப்படி?

கம்பிக்காது மச்சினனைக் கவனிக்கத் தொடங்கினார். விடிந்தும் விடியாத நேரத்தில் அவன் தள்ளுவண்டியில் கேன்களை வைத்து, மேலே சாக்கைப் போட்டு மூடி உருட்டிக்கொண்டு போவதைப் பார்த்தார். "என்னடா அது?" என்று கேட்டதற்கு, "ஒண்ணுமில்ல மாமா, உரம்" என்று சொல்லிவிட்டு வேகமாகத் தள்ளினான். உரம் தளும்புமா? சாக்கின் ஓரத்தில் ஈரம் தெரிந்தது.

அவருக்குக் கணக்கு நேராகிவிட்டது. சிலைக்கு அடியில் மெயின் குழாய் போகிறது. அதில் யாருக்கும் தெரியாமல் ஒரு இணைப்பு எடுத்திருக்கிறார்கள். பச்சைக்காரி வயிறு முட்டக் குடிக்கிறாள், மிச்சத்தைக் கேனில் பிடித்து இவன் விற்கிறான். சமையலறைக் குசுகுசுப்பு இதற்குத்தான். மனைவி பக்கம் மாறியதும் இதில் எங்கோ வந்து சேரும். எங்கே என்பது மட்டும் பிடிபடவில்லை.

ஒரு மத்தியானம், மச்சினன் சாப்பிடப் போயிருந்த நேரம் பார்த்து, கம்பியோடு போனார். பச்சைக்காரியின் தலைமாட்டில் ஊன்றி, குமிழில் காதை வைத்தார்.

உஸ்ஸ்ஸ்.

கால்மாட்டில் வைத்தார். அங்கேயும் உஸ். விடாத, ஏறாத, இறங்காத, அசல் கசிவுச் சத்தம். பத்தாயிரம் தடவை கேட்ட சத்தம். அவருக்குச் சந்தோஷமாக இருந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனாலும் கம்பியை உடனே எடுக்காமல் யோசித்தார். இதைச் சொன்னால் மச்சினன் வேலை போகும். இந்த வேலை நிலைத்ததால்தான் அவன் அக்கா வீட்டுக் கூடத்தில் படுப்பதை விட்டு, தனியாக ஓர் அறை எடுத்துப் போயிருந்தான். மனைவி முகத்தை எப்படிப் பார்ப்பது? ஆனால் ஊரே ஒரு குடம் தண்ணீருக்கு நிற்கும்போது சொந்தக்காரன் என்று விடுவதா? கேட்ட காது பொய் சொல்லுமா?

அன்று சாயங்காலமே இன்ஜினியரிடம் சொல்லிவிட்டார்.

இன்ஜினியர் கொஞ்சம் யோசித்தார். யோசிக்கக் காரணமும் இருந்தது. சமீபத்தில் கம்பிக்காது கோடு கிழித்த சில இடங்களில் தோண்டியபோது மண் பொடியாக உலர்ந்திருந்தது. சந்தையடியில் ஒன்று, பள்ளிக்கூடத்துப் பின்புறம் ஒன்று. "நாம வர்றது தெரிஞ்சு முன்னாடியே அடைச்சிட்டாங்க சார்" என்று அவர் அடித்துச் சொல்லியிருந்தார். அத்தனை வருஷத்துக் காதை எப்படித் தள்ளுவது? இன்ஜினியர் ஆளும் வண்டியும் கொடுத்தார். விசாரணை முடியும்வரை சிலைப் பக்கம் வரக்கூடாது என்று மச்சினனுக்குச் சொல்லப்பட்டது.

தோண்டும் வண்டி வந்து சிலையைச் சுற்றி அகழி மாதிரி வெட்டியது. ஒன்றும் இல்லை. "அடியில பாருங்க, நடுவுல எடுத்திருப்பாங்க" என்றார் கம்பிக்காது. கிரேன் வந்தது. பச்சைக்காரியைக் கட்டித் தூக்கியபோது வேர்கள் படபடவென்று அறுந்தன. மண் கொட்டியது. முழங்கால் கம்பிகள் வளைந்தன. கூந்தல் கொடிகள் தெருவெல்லாம் சிதறி, மிதிபட்டு, வெயிலில் சுருண்டன. அவளை ஒரு நீள லாரியின்மேல் மல்லாக்கக் கிடத்தினார்கள்.

அடியில் குழாய் இல்லை. ஈரம்கூட இல்லை. ஓர் எறும்புப் புற்று மட்டும் இருந்தது.

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். மச்சினன் தூரத்தில் ஒரு கடை ஓரமாக நின்றிருந்தான், கிட்டே வரவில்லை. பேக்கரி உடுப்போடு ஓடிவந்த மனைவி பள்ளத்தையும் லாரியையும் மாறிமாறிப் பார்த்தார்.

"என்ன தேடுறீங்க இங்க?"

"உன் தம்பி கேன்ல பிடிச்சு வித்த தண்ணியை."

"அது நம்ம வீட்டுத் தண்ணிங்க! அரிசி கழுவினது, காய் கழுவினது, நான் குளிச்சது. டேங்கர் ஒழுங்கா வரலைன்னு நான்தான் சேத்து வெச்சுக் குடுத்தேன். தெருவுல இன்னும் நாலு வீட்டுல குடுத்தாங்க. உங்ககிட்ட சொன்னா அதுக்கும் ஒரு விசாரணை வெப்பீங்கன்னு உரம்னு சொல்லச் சொன்னேன்."

சொல்லிவிட்டு மனைவி பேக்கரிக்குத் திரும்பிப் போய்விட்டார். கம்பிக்காது அப்போதும் விட்டுக்கொடுக்கவில்லை. கேன் அப்படியே இருக்கட்டும், சத்தம் கேட்டது கேட்டதுதானே!

செய்தி கேட்டு வந்திருந்த கலைஞர் தரையில் உட்கார்ந்து சாகாத செடிகளைப் பொறுக்கி ஈரத்துணியில் சுற்றிக்கொண்டிருந்தார். அவர் கத்துவார் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். கண் மட்டும் சிவந்திருந்தது.

"நீங்க என்ன சத்தம் கேட்டீங்க சார்? எனக்கும் கேக்கணும்" என்றார்.

கம்பிக்காது பள்ளத்துக்குள் கம்பியை ஊன்றி அவரைக் கேட்கச் சொன்னார். கலைஞர் வெகுநேரம் காது வைத்திருந்தார். "ஒண்ணும் கேக்கலையே சார்." நடிக்கிறாள் என்று நினைத்து, தோண்டும் வண்டி ஓட்டுநரைக் கூப்பிட்டார். அவனும் உதட்டைப் பிதுக்கினான். இவனையும் விலைக்கு வாங்கிவிட்டார்கள் என்று நினைத்தார். கம்பியைப் பிடுங்கித் தன் காதில் வைத்தார். உஸ்ஸ்ஸ். இதோ இருக்கிறதே!

கோபத்தில் அவர் ஒரு காரியம் செய்தார். லாரியில் ஏறி, தரைக்கு மேலே அந்தரத்தில் கிடந்த பச்சைக்காரியின் கன்னத்தில், மண்ணோடு ஒட்டியிருந்த பக்கத்தில், கம்பியை வைத்தார். அந்தப் பக்கம் காதே செய்யவில்லை. யார் பார்க்கப் போகிறார்கள் என்று வெறும் கம்பி வலையாக விட்டிருந்தார்கள். அந்த வலையில் கம்பி முனையைக் குத்தி, குமிழில் காதை அழுத்தினார்.

உஸ்ஸ்ஸ்.

குழாயும் இல்லை, தரையும் இல்லை. வயிற்றுத் தொட்டியைக் காலையிலேயே கழற்றிவிட்டார்கள். லாரியிலிருந்து இறங்கி டயரில் வைத்தார். உஸ். பக்கத்துக் கடையின் மரக்கதவில் வைத்தார். உஸ். கம்பியைத் தரையில் ஊன்றாமல் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு காதை வைத்தார்.

அப்போதும் தண்ணீர் ஓடியது.

 கம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். பூட்டைத் திறந்து, கூடத்தில் உட்கார்ந்து, இடது காதை விரலால் அடைத்தார். மின்விசிறிச் சத்தம் நின்றது. தெருச் சத்தம் நின்றது. பக்கத்து வீட்டில் குழந்தை அழுத சத்தமும் நின்றது. உஸ் மட்டும் நிற்கவில்லை. கசிவு அவருக்குள்தான் இருந்தது. எத்தனை காலமாகவோ, யாருக்குத் தெரியும்!

மனைவி வந்தபோது அவர் அப்படியே விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மனைவியின் வாய் அசைவது தெரிந்தது, சொன்னது கேட்கவில்லை. விரலை எடுத்தார்.

"உனக்குத் தெரியுமா?" என்றார்.

மனைவி செருப்பைக்கூடக் கழற்றாமல் எதிரே உட்கார்ந்தார்.

"தெரியும். இந்த வலது காது உங்களுக்குக் கொஞ்சங்கொஞ்சமா போக ஆரம்பிச்சு ரெண்டு வருஷம் ஆச்சு. வலது பக்கம் நின்னு கூப்பிட்டா திரும்ப மாட்டீங்க. அதான் இந்தப் பக்கம் வந்தேன்."

"ஏன் சொல்லலை?"

"சொன்னா நம்பியிருப்பீங்களா? உங்க கம்பியை யாரோ மாத்தி வெச்சுட்டாங்கன்னு சண்டைக்குப் போயிருப்பீங்க." செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "நான் சொல்லிடலாம்னுதான் இருந்தேன். ஒவ்வொரு தடவையும் தம்பிதான் தடுத்தான். 'ஆபீஸ்ல தெரிஞ்சா கம்பியைப் பிடுங்கிடுவாங்கக்கா. கம்பி இல்லாம மாமா என்ன ஆவாரு, எப்படியாவது சமாளிக்கலாம்'னு கெஞ்சுவான். அடுப்படியில நாங்க பேசினது இதைத்தான். வேறென்ன பேசப் போறோம்?"

அவருக்கு வெட்கமாக இருந்தது. இத்தனை வயதுக்கு அப்படி ஒரு வெட்கத்தை அவர் பட்டதில்லை. யாரைத் திருடன் என்று பின்தொடர்ந்தாரோ, அவன்தான் அவருடைய கம்பிக்குக் காவல் இருந்திருக்கிறான். அந்தக் காவல்காரனின் வேலையை அதே கம்பியால் அவர் பிடுங்கிப் போட்டிருந்தார்.

இரவு முழுக்கப் புரண்டார். வாயைத் திறக்காமல் இருந்தால் கம்பி மிஞ்சும், மச்சினன் திருடனாகவே இருப்பான். 'அடியில ஒண்ணும் கிடைக்கலைன்னா, முன்னாடியே அடைச்சிருப்பான்' என்று அலுவலகத்தில் பேசிக்கொள்வார்கள். அந்தப் பேச்சை அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்ததே அவர்தான்.

காலையில் இன்ஜினியர் முன் போய் நின்றார். "சார், தப்பு என் காதுல. அந்தப் பையன் எதுவும் பண்ணலை" என்றார்.

இன்ஜினியர் நாற்காலியில் சாய்ந்து அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு புன்னகை செய்தார்.

"மச்சினனைக் காப்பாத்த நல்லாத்தான் கதை கட்டுறீங்க. வீட்டுல அம்மா சொல்லி அனுப்பினாங்களா?"

 அந்தப் பார்வை கம்பிக்காதுக்குப் புதிதல்ல. பால்காரனும், உருளை கொண்டுவருபவனும், மச்சினனும் இத்தனை வருஷம் அவர் முகத்தில் பார்த்த பார்வைதான் அது. எதிர்ப்பக்கம் நின்று வாங்கினால் இப்படித்தான் எரியுமா?

"சத்தியமா சார்!"

"ஆமா, நேத்தும் இப்படித்தான் சொன்னீங்க."

அவர் யோசித்தார். பிறகு இடது காதுக்குள் விரலை அழுத்திக்கொண்டு கண்ணை மூடினார். "என் வலது பக்கம் வந்து நின்னு என்ன வேணா சொல்லுங்க சார். சத்தமா வேணும்னாலும் சொல்லுங்க. நான் திரும்பச் சொல்லிட்டா பொய் சொல்றேன்னு வெச்சுக்கோங்க."

அப்படியே நின்றார். காதுக்குள் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. தோளை யாரோ தொட்டபோதுதான் கண்ணைத் திறந்தார். இன்ஜினியர் பக்கத்தில் நின்றிருந்தார். வாசலில் நின்ற உதவியாளர் தலை குனிந்துகொண்டார்.

"என்ன சொன்னீங்க சார்?"

"ஒண்ணுமில்ல, விடுங்க" என்றார் இன்ஜினியர். குரல் மாறியிருந்தது. என்ன சொல்லியிருப்பார் என்ற சந்தேகம் கம்பிக்காதுக்கு இன்னும் தீரவில்லை.

கம்பி அலமாரிக்குப் போனது. மச்சினனுக்கு வேலை திரும்பக் கிடைத்தது. கலைஞர் முழங்காலை நிமிர்த்தி, வலையைத் தைத்து, ஈரத்துணியில் பிழைத்த செடிகளை நட்டார். தோளிலும் தலையிலும் பாதி மண்ணாகத்தான் தெரிந்தது. கம்பிக்காதை டேங்கர் வண்டியில் போட்டார்கள். சிலைக்குத் தண்ணீர் தவறாமல் போகிறதா என்று பார்ப்பதும், வால்வைத் திறந்து மூடுவதும்தான் இப்போது வேலை.

மச்சினன் அவரோடு பேசவில்லை. வீட்டுக்கு வந்தான், அக்காவிடம் பேசினான், கேன்களை வாங்கிக்கொண்டு போனான். "என்ன மாமா, சாப்டாச்சா?" என்ற கேள்வி மட்டும் வரவில்லை. சந்தேகப்பட்டவனிடம் மன்னிப்புக் கேட்பது எப்படி என்று அவர் எந்தக் காலத்திலும் கற்றுக்கொண்டதில்லை. வாசல்வரை போய், கேன் வண்டிக்குச் சாக்கை எடுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்புவார்.

ஒருநாள் டேங்கர் போனபோது மச்சினன் ஏணியில் ஏறி, பச்சைக்காரியின் தோளில் இருந்த மூடியைத் திறந்து, ரப்பர் குழாயின் வாயை உள்ளே விட்டுப் பிடித்துக்கொண்டிருந்தான். அவர் கீழே வண்டியருகே நின்று வால்வைத் திருப்பினார். குழாய் கொஞ்சம் உப்பியது. மேலே போய்ச் சேர்ந்ததா, நடுவில் எங்காவது மடிந்து கிடக்கிறதா என்று அங்கிருந்து தெரியவில்லை. முன்பென்றால் கம்பியை வைத்துக் கேட்டிருப்பார்.

"தண்ணி வருதா?" என்று மேலே பார்த்துக் கேட்டார்.

பதில் எதுவும் காதில் விழவில்லை. அவன் குழாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அவர் கொஞ்சம் திரும்பி, இடது காது ஏணிப் பக்கம் இருக்கும்படி நின்றுகொண்டார்.

"வருது மாமா" என்றான்.

பழக்கத்தில் ஏணிப் பக்கம் ஓர் அடி எடுத்து வைத்தார், ஏறிப் பார்த்துவிடலாம் என்று. அப்புறம் நின்றுவிட்டார்.

"சரிடா" என்று சொல்லிவிட்டு, வண்டியின் நிழலில் போய் உட்கார்ந்துகொண்டார்.